உலகம் முடிந்துவிடும் என்ற பயமா, நான் முடிந்துவிடுவேன் என்ற பயமா?

கடிதம் எழுதியவருக்கு வயது 57. இருபத்தெட்டு ஆண்டுகள் பள்ளியில் புவியியல் நடத்தி, விருப்ப ஓய்வு பெற்றவர். மூன்று வருடங்களுக்கு முன் மார்பகப் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்தன. இப்போது தினமும் ஒரு ஹார்மோன் மாத்திரை மட்டும். "நோய் வந்தபோது நான் அழவே இல்லை. எல்லோரும் தைரியசாலி என்றார்கள். இப்போது பனிப்பாறை உருகும் வீடியோவைப் பார்த்தால் அழுகை நிற்பதில்லை" என்கிறார். இரவு இரண்டு மணிக்கு வியர்த்து விழித்துக்கொண்டு, விடியும்வரை போனில் காலநிலை அறிக்கைகளைப் படிக்கிறார். கணவர், "அதையெல்லாம் படிக்காதே" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

இதற்கிடையே 29 வயது மகள் தான் ஐந்து மாதக் கர்ப்பம் என்று சொல்லியிருக்கிறாள். இவர் வாயில் வந்த முதல் வார்த்தை, "இந்தக் காலத்தில் இது தேவையா?" மகள் போனை வைத்தவள்தான். மூன்று வாரமாகக் குறுஞ்செய்திகள் மட்டும். அவர் கேட்பவை மூன்று: எனக்கு வந்திருப்பது மனநோயா, இல்லை நான்தான் உண்மையைப் பார்க்கிறேனா? உண்மை தெரிந்த பிறகு நம்பிக்கையோடு இருப்பது பொய் இல்லையா? மகளிடம் என்ன சொல்வது?

அன்புள்ள டீச்சர்,

பெயர் போட வேண்டாம் என்றிருக்கிறீர்கள். உங்கள் மாணவர்கள் கூப்பிட்டது போலவே நானும் கூப்பிட்டுவிடுகிறேன்.

உங்கள் கடிதம் நான்கு பக்கம். மூன்றே முக்கால் பக்கம் காலநிலை. நோயைப் பற்றி ஒரே ஒரு பத்தி. அதன் கடைசியில், போகிற போக்கில், ஒரு வரி: "கடைசி இரண்டு செக்கப்புக்குப் போகவில்லை. எதற்கு என்று தோன்றியது." நான் மனநல மருத்துவன். பல வருடங்களாகப் புற்றுநோய்ப் பிரிவில் வேலை பார்க்கிறவன். நான்கு பக்கத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அந்த வரிதான். அதனால் நீங்கள் கேட்ட வரிசையில் இல்லாமல், நான் பயந்த வரிசையில் பதில் சொல்கிறேன்.

முதலில் உடம்பு

இரவு இரண்டு மணி வியர்வைக்கு நீங்கள் புவி வெப்பமாதலைக் காரணம் காட்டவில்லை. ஆனால் உங்கள் எழுத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டே வருகின்றன. மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு தரப்படும் ஹார்மோன் மாத்திரைகளுக்கு, திடீரென உடம்பு சூடேறி வியர்ப்பதும் தூக்கம் கெடுவதும் நன்கு அறியப்பட்ட பக்கவிளைவுகள். சிலருக்கு மனச்சோர்வும் வரும். உலகம் சூடாவதற்குக் காரணம் வேறு, நள்ளிரவில் நீங்கள் சூடாவதற்குக் காரணம் வேறு. இரண்டாவதைக் குறைக்க வழிகள் உண்டு. மாத்திரையை மாற்றலாம், நேரத்தை மாற்றலாம், வியர்வையைத் தணிக்க வேறு மருந்து சேர்க்கலாம். உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் சொன்னால்தானே அவருக்குத் தெரியும். நீங்களாக மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். குறைந்தது ஐந்து வருடம் சாப்பிடச் சொல்லியிருப்பார்கள். பாதியில் விட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது.

இன்னொரு வரியும் இருக்கிறது. "நல்லவேளை, அதையெல்லாம் பார்க்க நான் இருக்க மாட்டேன் என்று சில சமயம் நிம்மதியாக இருக்கிறது." இதைச் சொல்கிற பலரைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் களைப்புதான் அப்படிப் பேசுகிறது. ஆனாலும் நேராகவே கேட்கிறேன்: செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா? செக்கப்புக்குப் போகாததில் அந்த எண்ணம் கொஞ்சமாவது இருக்கிறதா? ஆமாம் என்றால் என் அடுத்த வரிகளைப் படிக்கக் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே கணவரிடம் சொல்லுங்கள், ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். இரவில் தாங்கவில்லை என்றால் உங்கள் பகுதி அவசர உதவி எண்ணை அழையுங்கள்.

இல்லை என்றாலும், நேரில் ஒருவரைப் பார்ப்பது நல்லது. மாதக்கணக்கில் தூக்கமில்லை, முன்பு பிடித்த எதிலும் மனம் போகவில்லை, "எதற்கு" என்ற கேள்வி எல்லாவற்றின்மேலும் படர்கிறது. மனச்சோர்வு நோயா என்று பார்க்க இவ்வளவு போதும். உங்கள் முதல் கேள்வியில் ஒரு சின்னப் பிழை இருக்கிறது டீச்சர். மனநோயா, உண்மையா என்று கேட்கிறீர்கள். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். காலநிலையைப் பற்றி வருந்துவது நோய் இல்லை. அந்த வருத்தத்தைத் தாங்க முடியாதபடி தூக்கமும் தெம்பும் போய்விட்டிருந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு. சிகிச்சை எடுத்தால் உண்மை மறைந்துவிடாது. பகல் வெளிச்சத்தில் தெரியும், அவ்வளவுதான்.

இரண்டு இழைகள்

நோய் வந்தபோது அழவில்லை என்று பெருமையாகவும் கொஞ்சம் குழப்பமாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்போது அழ நேரம் இருந்திருக்காது. அடுத்த கீமோ தேதி, ரத்தப் பரிசோதனை, வீட்டாருக்குச் சமாதானம். சிகிச்சை முடிந்து, எல்லோரும் "சரியாகிவிட்டது" என்று கலைந்து போன பிறகுதான் பலருக்கு உள்ளே ஆட ஆரம்பிக்கும். எங்கள் பிரிவில் இது தினசரிக் காட்சி. தேர்வு முடிந்த மறுநாள் காய்ச்சல் வருமே, அதுபோல.

அந்தக் காய்ச்சல் உங்களுக்கு வேறு வாசல் வழியாக வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் பேரக்குழந்தைக்குப் பத்து வயதாகும்போது வெப்பநிலை என்ன, முப்பதில் என்ன, 2100-இல், அதாவது 75 வயதை எட்டும்போது, கடல் மட்டம் என்ன என்று ஒரு அட்டவணையே போட்டிருக்கிறீர்கள். அதில் ஒரு நிரல் விட்டுப்போயிருக்கிறது. அந்தக் குழந்தைக்குப் பத்து வயதாகும்போது நீங்கள் இருப்பீர்களா? அதை நீங்கள் கேட்டுக்கொள்ளவே இல்லை.

தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காலநிலைக் கவலை வெறும் முகமூடி, உள்ளே இருப்பது சாவுபயம்தான் என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு. எனக்கு அவர்களோடு ஒத்துப்போகாது. பூமி சூடாவது உங்கள் மனப்பிரமை இல்லை. ஆனால் இரண்டு பயங்களும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு ஒரே கயிறாகிவிட்டன. வழக்கமாக, சாகப்போகிறவருக்கு ஒரு பழைய ஆறுதல் இருந்தது. நான் போனாலும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், வாழையடி வாழையாக எல்லாம் நடக்கும் என்பது. உங்களுக்கு அந்தத் தோட்டத்தின்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அதனால்தான் நோய் வந்தபோது வராத பயம் பனிப்பாறையைப் பார்த்து வருகிறது.

இழைகளைப் பிரித்தால் ஒரு பெரிய வித்தியாசம் தெரியும். உங்கள் மரணம் நிச்சயம், என்னுடையதும் அப்படியே. எப்போது என்பதுதான் தெரியாது. அதைப் பேச வேண்டும், அழ வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்பாடு செய்ய வேண்டும். உலகத்தின் கதி அப்படி எழுதிவைக்கப்பட்டது இல்லை. அது எவ்வளவு மோசமாகும் என்பது இன்னும் நடந்துகொண்டிருக்கும் கணக்கு. நீங்கள் முதலாவதின் நிச்சயத்தை எடுத்து இரண்டாவதின்மேல் ஒட்டிவிட்டீர்கள்.

உங்கள் மரணத்தைப் பொறுத்தவரை, உங்களுக்கு ஒரு உரிமை இருக்கிறது, அதை நீங்கள் பயன்படுத்தவில்லை. "டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்றார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மேல் கேட்கலாம். என் நிலையில் நோய் திரும்பும் வாய்ப்பு எவ்வளவு, திரும்பினால் என்ன செய்யலாம், கடைசிக்கட்டத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை நான் இப்போதே எழுதிவைக்கலாமா? அந்த எண்ணைக் கேட்க வேண்டாம் என்று முடிவெடுப்பதும் உங்கள் உரிமைதான். ஆனால் கேட்காமலே இருந்துவிட்டு, அந்த எண்ணை அண்டார்டிக்காவில் தேடாதீர்கள்.

பாதியில் நின்ற பாடங்கள்

அறிவியலில் உங்களைத் திருத்தக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் இரவு இரண்டு மணிக்குப் படிப்பவருக்கு அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்ற கதைதான். நான்கு விஷயங்கள்.

2030-ஓடு எல்லாம் முடிந்தது என்கிறீர்கள். அது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2018 அறிக்கையிலிருந்து செய்தித்தாள்கள் வழியாகத் திரிந்து வந்தது. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையிலிருந்து வெப்ப உயர்வை 1.5 டிகிரியில் நிறுத்த வேண்டுமானால், 2030-க்குள் கரியமில வாயு உமிழ்வு 2010-ஐவிட ஏறத்தாழ 45 சதவீதம் குறைந்து, 2050-ஐ ஒட்டி நிகர பூஜ்யமாக, அதாவது காற்றில் விடும் அளவும் காற்றிலிருந்து எடுக்கும் அளவும் சமமாக, வேண்டும் என்றது அறிக்கை. அது ஒரு பாதையின் மைல்கல். கதவை இழுத்து மூடும் தேதி இல்லை. அந்த மைல்கல்லை நாம் தவறவிடுகிறோம் என்பது உண்மை. 2024 முழு ஆண்டின் சராசரியே 1.5-ஐத் தாண்டிவிட்டது. நீண்டகாலச் சராசரியும் தாண்டும் என்பதை விஞ்ஞானிகள் இப்போது மறைப்பதில்லை. ஆனால் 1.5-க்கு அடுத்த எண் 1.6. அதே அறிக்கை, 1.5 டிகிரியில் பவளப்பாறைகளில் 70 முதல் 90 சதவீதம் குறையும், 2 டிகிரியில் 99 சதவீதத்துக்கு மேல் போய்விடும் என்றது. பத்தில் ஒன்று முதல் மூன்று பிழைப்பதற்கும் ஏறக்குறைய ஒன்றுமே பிழைக்காததற்கும் நடுவே அரை டிகிரி இருக்கிறது. ஏற்கெனவே தோற்றுவிட்டோம் என்பவர் இந்த அரை டிகிரியைத்தான் தூக்கி எறிகிறார்.

இன்றைக்கே எல்லாவற்றையும் நிறுத்தினாலும் சூடு ஏறிக்கொண்டேதான் இருக்கும் என்கிறீர்கள். இப்படித்தான் பலரும் நினைக்கிறோம். கரியமில வாயு உமிழ்வு நிகர பூஜ்யத்தைத் தொட்டால், சில ஆண்டுகளுக்குள் வெப்பநிலை உயர்வு ஏறத்தாழ நின்றுவிடும் என்பதுதான் இன்றைய அறிவியலின் கணிப்பு. கடல் மட்டம் மட்டும் நூற்றாண்டுகளுக்கு ஏறும், அதில் ஆறுதல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் வெப்பத்தின் கடிவாளம் இன்னும் மனிதர் கையில் இருக்கிறது. 2015 பாரிஸ் ஒப்பந்தத்துக்கு முன் நாம் போய்க்கொண்டிருந்த பாதை நூற்றாண்டு இறுதியில் 4 டிகிரியை ஒட்டி முடிவதாக இருந்தது. இன்றைய கொள்கைகள் அப்படியே தொடர்ந்தால் 3-க்குச் சற்றுக் கீழே. 3 என்பது கொடுமையான எண். 4 அதைவிடக் கொடுமையானது.

வெப்பம் ஏற ஏற மரணமும் அதே கணக்கில் ஏறும் என்பது மூன்றாவது. இன்றைய வங்கதேசத்தைத் தாக்கிய 1970 போலா புயலை நீங்கள் வகுப்பில் நடத்தியிருப்பீர்கள். குறைந்தது 3 லட்சம் பேர் செத்தார்கள். 2020-இல் அதே வங்கக் கடலில் அம்பன் என்ற மிகப் பெரிய புயல் வந்தபோது, வங்கதேசம் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்கு நகர்த்தியது. அங்கே இறந்தவர்கள் எண்ணிக்கை நூறைத் தொடவில்லை. எச்சரிக்கை, கட்டடம், யாரோ ஒருவர் வீடுவீடாகப் போய்க் கதவு தட்டியது. கடல் அதே கடல்தான்.

நான்காவதை ஒரு கேள்வியாகவே கேட்கிறேன். ஓசோன் ஓட்டை பாடம் எத்தனை வருடம் நடத்தினீர்கள்? அதன் முடிவைச் சொன்னீர்களா? 1974-இல் சில ரசாயனங்கள் ஓசோனை அரிக்கும் என்ற எச்சரிக்கை, 1985-இல் அண்டார்டிக்காவுக்கு மேலே ஓட்டை, 1987-இல் அந்த ரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் உடன்படிக்கை. இப்போது அந்த அடுக்கு தேறிவருகிறது. அண்டார்டிக்காவுக்கு மேலே 1980-இன் நிலைக்கு 2066 வாக்கில் திரும்பும் என்பது கணிப்பு. கரியமில வாயுவோடு இதை ஒப்பிடுவது முழுக்கச் சரியில்லை. அது சில ரசாயனங்கள், சில தொழிற்சாலைகள் சம்பந்தப்பட்டது, மாற்றுப் பொருளும் கிடைத்தது. இதுவோ நம் அடுப்பிலிருந்து விமானம்வரை எல்லாவற்றிலும் இருக்கிறது. நான் இதைச் சொல்லும் காரணம் வேறு. 1987-இல் அந்த மேசையில் கையெழுத்துப் போட்டவர்களில் அநேகமாக யாரும் 2066-இல் இருக்க மாட்டார்கள். அது அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

நம்பிக்கை பொய்யா?

தமிழில் 'நம்பிக்கை' என்ற ஒரே சொல்லை வைத்து நிறைய வேலை வாங்குகிறோம். கடவுள் நம்பிக்கை, ஆள்மேல் நம்பிக்கை, நாளைமேல் நம்பிக்கை எல்லாம் அதுதான். அதனால் யாராவது "நம்பிக்கையோடு இருங்கள்" என்றால், "ஒன்றும் ஆகாது என்று நம்புங்கள்" என்று காதில் விழுகிறது. அந்தப் பொருளில் அது பொய்தான், உங்கள் கோபம் நியாயம்.

ஆனால் மூன்று வருடம் முன்பு கீமோவுக்குக் கை நீட்டினீர்களே, அது எந்த நம்பிக்கை? அறுவை சிகிச்சையிலேயே கட்டியை எடுத்துவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஏதாவது மிச்சம் இருந்தால் என்று கீமோ கொடுத்தார்கள். அது உங்களுக்கு வேலை செய்ததா, அது இல்லாமலே பிழைத்திருப்பீர்களா, உலகத்தில் எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. உத்தரவாதம் கேட்காமல், வாய்ப்பு இத்தனை சதவீதம் கூடும் என்ற ஒரே கணக்கை நம்பி, முடி கொட்ட, வாய் புண்ணாக, அத்தனை சுற்றும் முடித்தீர்கள். எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியா செய்தீர்கள்? செய்யத் தக்கதாக இருந்தது, செய்தீர்கள். எனக்குத் தெரிந்த நம்பிக்கை இவ்வளவுதான். உங்களிடம் அது ஏற்கெனவே இருந்தது. அதைப் பூமிக்குக் கொடுக்க மட்டும் ஏன் முழு உத்தரவாதம் கேட்கிறீர்கள்?

சார்லஸ் டேவிட் கீலிங் உங்களுக்குப் புதியவர் இல்லை. 1958-இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்க ஆரம்பித்தார். அப்போது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. நிதியை நிறுத்தப் பார்த்தார்கள், சண்டை போட்டு அளந்தார். 2005-இல் இறக்கும்போது அது 380-ஐ ஒட்டி இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது; அந்தப் பதிவை இன்று பொறுப்பேற்று நடத்துகிறவர் அவருடைய மகன் ரால்ஃப். இதை நான் ஆறுதல் கதையாகச் சொல்லவில்லை. அந்த அளவுகளை வரைபடமாக்கிய கோடு அவர் அளந்த காலம் முழுக்க, அவர் விரும்பாத திசையிலேயே ஏறியது. அவர் கோட்டைத் திருப்பவில்லை. திருப்புகிறவர்களுக்குத் தேவைப்படும் கோட்டை விட்டுப்போனார்.

எங்கள் வார்டில் ஒருவர் இருந்தார். சில வாரங்கள்தான் மிச்சம் என்பது அவருக்கே தெரியும். மத்தியான வேளைகளில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் வீட்டின் மின்பலகையை வரைந்துகொண்டிருப்பார். எந்த சுவிட்ச் எந்த அறைக்கு, எது அடிக்கடி பழுதாகும், யாரைக் கூப்பிட வேண்டும். மரணத்தை ஏற்றுக்கொள்வது பற்றி நான் படித்த பெரிய பெரிய விஷயங்களைவிட அந்த நோட்டுதான் இன்னும் என் நினைவில் நிற்கிறது. தனக்கு இனித் தேவைப்படாத விளக்குகளுக்காக அவர் உட்கார்ந்து எழுதினார். அழுதுகொண்டும் எழுதியிருக்கிறார், நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் நோட்டில் என்ன எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியாது. செயலில் இறங்கினால் கவலை பறந்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன், அது விளம்பர வாசகம். ஆனால் தனியாகப் போனைப் பார்ப்பதைவிட நாலு பேரோடு ஒரு சின்ன வேலை செய்வது மனதுக்கு நல்லது என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். கடும் வெப்ப நாட்களில் தனியாக இருக்கும் முதியவர்களைப் போய்ப் பார்ப்பதற்கு ஒரு குழு அமைக்கப் புவியியல் டீச்சரைவிடப் பொருத்தமானவர் யார்? அறிக்கைகளைப் படியுங்கள். பகலில் படியுங்கள். படிப்பதையே விடச் சொல்லும் உங்கள் கணவரோடு நான் உடன்படவில்லை, நேரத்தைப் பற்றி மட்டும் உடன்படுகிறேன்.

மகளிடம்

அவளுக்கு உலகநிலை தெரியாது, நான்தான் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறீர்கள். 2021-இல் 10 நாடுகளைச் சேர்ந்த, 16 முதல் 25 வயதுள்ள 10,000 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வு வெளிவந்தது. ஏறத்தாழ 60 சதவீதம் பேர் காலநிலை பற்றி மிகவும் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். குழந்தை பெறத் தயங்குகிறோம் என்றவர்கள் பத்தில் நான்கு பேர். அப்போது உங்கள் மகளும் அந்த வயதில்தான் இருந்தாள். அவள் யோசிக்காமல் இந்த முடிவுக்கு வந்திருப்பாள் என்று ஏன் நினைக்கிறீர்கள்? ஒரு குழந்தைக்கு இத்தனை டன் கார்பன் என்று நீங்கள் காட்டும் கணக்கு, இன்னும் பிறக்காத சந்ததிகளின் உமிழ்வையும் இன்றைய வேகத்திலேயே வைத்துக் கூட்டியது. உமிழ்வு குறைந்தால் அந்த எண்ணும் சரியும். எப்படியிருந்தாலும் அந்த முடிவு அவளுடையது, அவள் எடுத்தும் விட்டாள்.

உங்கள் கேள்வி அவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அம்மாவுக்குப் புற்றுநோய் வந்து, தலைமாட்டில் உட்கார்ந்து, பிழைத்துவிட்டாள் என்று மூச்சுவிட்டு, அந்த அம்மாவிடம் நல்ல சேதி சொல்லப் போன் செய்தவள் அவள்.

காலநிலைக்காக மன்னிப்புக் கேட்க வேண்டாம். உங்கள் தலைமுறை செய்ததற்கெல்லாம் நீங்கள் ஒருவர் தலைகுனிவதால் அவளுக்கு என்ன பயன்? அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் கேளுங்கள். குறுஞ்செய்தியில் வேண்டாம், நேரில், முடியாவிட்டால் போனில். "அன்றைக்கு நான் பேசியது தப்பு. நான் பயந்துபோயிருக்கிறேன். உன் குழந்தையைப் பார்க்க இருப்பேனோ மாட்டேனோ என்று பயம். அதைச் சொல்லத் தெரியாமல் வேறு எதையோ சொல்லிவிட்டேன்." இவ்வளவு போதும். அவள் அழலாம், கோபப்படலாம், உடனே சமாதானமாகாமலும் போகலாம். பதிலுக்கு விளக்கம் கொடுக்காமல் கேட்டுக்கொண்டிருங்கள். பனிப்பாறைகளை அன்றைக்கு நடுவில் கொண்டுவராதீர்கள்.

செக்கப்பைத் தவறவிட்டதையும் அவளிடம் சொல்லிவிடுங்கள். திட்டுவாள். திட்டட்டும்.

இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் மருத்துவமனைக்குப் போன் செய்து நேரம் வாங்குங்கள். தூக்கத்தையும் வியர்வையையும் பற்றிக் கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள், அங்கே போனால் மறந்துவிடும். கணவரையும் கூட்டிப்போங்கள். முடிவு எப்படி வந்தாலும் எனக்கு எழுதுங்கள்.